சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்டது பிழையா?

உப்புவெளியான்:
போன ஞாயிறு எங்கள் மீனவர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மீன் கிலோவுக்கு ஐந்து ரூபா சங்கத்துக்குக் கழிக்கிறார்கள். மூன்று வருடமாக வரவு செலவு வாசிக்கவில்லை. எழும்பிக் கேட்டேன். "நேற்று வலை தொட்டவன் கணக்குக் கேட்கிறான்" என்றார் ஒருவர். சபையே சிரித்தது. அப்புறம் தேநீரும் வடையும். கூட்டம் முடிந்தது. நான் கேட்டது பிழையா?

கரைவலை:
கேள்வி சரி, இடம் பிழை தம்பி. தலைவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். 2004 சுனாமியில் வள்ளம் வலையெல்லாம் போனபோது கந்தோர் கந்தோராக அலைந்து எஞ்சின் எடுத்துத் தந்த மனிதர் அவர். சபையில் முகத்தை முறித்தால் நாளைக்கு யார் பொறுப்பெடுக்க வருவார்?

கிண்ணியா நானா:
வீட்டில் கேட்டால் பதிலும் வீட்டோடு நின்றுவிடும். கழிக்கிறது எல்லாருடைய காசு. எஞ்சின் எடுத்துத் தந்ததற்கு நன்றி சொல்லுங்கள், கணக்கையும் கேளுங்கள்.

சம்பூர்ப் பிள்ளை:
கேட்டால் நடக்கும். 2006இல் போரில் திருகோணமலை சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனம் நாங்கள். காணி முழுக்கத் திரும்பக் கிடைக்கும் முன்பே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். "கரண்ட் வேண்டாமா, வேலை வேண்டாமா?" என்று நம்மவர்களே கேட்டார்கள். சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், சுடுதண்ணீரைக் குடாவில் விட்டால் மீன் என்னாகும் என்று விடாமல் கேட்டோம். 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்திலேயே அதைக் கைவிடுவதாகச் சொன்னது.

கரைவலை:
சம்பூரை இதற்குள் இழுக்காதீர்கள். அங்கே ஊர் ஒரு பக்கம், எதிரே இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டு அரசுகள். வழக்குப் போட்டதும் கொழும்புச் சுற்றாடல் அமைப்பு. இங்கே எதிரே இருக்கிற தலைவர் இவனுக்குப் பெரியப்பா முறை!

உப்புவெளியான்:
அண்ணை, நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளமெல்லாம் கரையில் கிடந்தபோது வரிசையில் நின்று ஜனாதிபதியையே திட்டினோம். எனக்குத் துளி பயம் வரவில்லை, ஏனென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் நின்ற அத்தனை பேரும் திட்டினார்கள். அதே வாய்கள்தான் ஞாயிறு சிரித்தன. பக்கத்தில் இருந்த சித்தப்பா சேட்டைப் பிடித்து "இருடா" என்று இழுத்தார். கால் நடுங்கியது அப்போதுதான். நாளைக்கும் அவர் வள்ளத்தில்தானே நான் தொழிலுக்குப் போக வேண்டும்.

கரைவலை:
அந்தப் பயம் எனக்கும் விளங்கும். அதனால்தான் மெதுவாகப் போ என்கிறேன்.

கிண்ணியா நானா:
மூன்று வருடம் மெதுவாகத்தானே போயிருக்கிறது! தம்பி, ஒரு வழி இருக்கிறது. அரசுத் திணைக்களம் உங்கள் சங்கத்துக்கு ஏதும் உதவி கொடுத்ததா, எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் திணைக்களத்திடமே கேட்கலாம். 2017இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தோடு அடுத்த கூட்டத்துக்குப் போ. பெரியப்பாவோடு சண்டையும் இல்லை.

கரைவலை:
ஊர்க் காரியத்துக்குக் கடுதாசியா? எனக்குப் பிடிக்கவில்லை.

சம்பூர்ப் பிள்ளை:
அண்ணை கோபிக்க வேண்டாம். நீங்களும் முந்தி ஏதோ சங்கத்தில் பொருளாளராக இருந்ததாக இங்கேயே ஒருமுறை எழுதினீர்கள். அப்போது யாராவது கேட்டார்களா?

கரைவலை:
ஆறு வருடம் இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது.