வினைல் கட்டிங் மெஷின் வாங்கியவர்களே, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

முதலில் என் கதை. எல்லாம் கொலுவில் ஆரம்பித்தது. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் வினைலில், அதாவது ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட்டில், வெட்டிய பெயர் ஒட்டினால் அழகாக இருக்குமே என்று 'திருக்கல்யாணம்', 'தசாவதாரம்' எனப் பத்துப் பெயர்களை எழுதிக்கொண்டு, நம்பர் பிளேட் ஒட்டும் ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்காக ரோலை மாத்தி மாட்டணும்மா. ஒரு மீட்டருக்குக் குறையாம இருந்தா சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரியே மெஷின் தேட ஆரம்பித்துவிட்டேன்.

யூடியூபில் எல்லோரும் பிளேடு எத்தனை கிலோ அழுத்தம் கொடுக்கும் என்றே பேசுகிறார்கள். கேமியோ 4 என்ற மெஷின் என்றால் ஐந்து கிலோ, கிரிக்கட் கம்பெனியின் மேக்கர் என்றால் நாலு கிலோ. மெல்லிய மரப்பலகை, தோல் எல்லாம் வெட்டுகிறவர்களுக்கு அது தேவை. ஸ்டிக்கர் வினைலுக்கு நூறு கிராமை ஒட்டிய அழுத்தமே போதும். அதனால் கிலோ கணக்கை விட்டுவிட்டு இரண்டே விஷயம் பார்த்தேன். எவ்வளவு அகலம் வெட்டும்? அதன் மென்பொருள் இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா?

எனக்கு வாசற்படிக் கோலமும் வெட்ட வேண்டும். அதற்கு 12 அங்குல மெஷின் வேண்டும், ரோலை மேட் (வினைலை ஒட்டி உள்ளே அனுப்பும் பசையுள்ள விரிப்பு) இல்லாமல் உள்ளே விட முடிய வேண்டும். கிரிக்கட் எக்ஸ்ப்ளோர் 3, கேமியோ 4 இரண்டிலும் அது நடக்கும். ஆனால் கிரிக்கட்டில் அந்தக் கம்பெனியின் ஸ்மார்ட் வினைல் போட்டால்தான் மேட் இல்லாமல் வெட்டும், வேறு வினைல் என்றால் மேட்டில் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். அதன் மென்பொருளுக்குக் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும். எங்கள் ஊரில் மழை வந்தால் நெட் போய்விடும். போதாததற்கு, 2021 மார்ச்சில் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படம்தான் ஏற்றலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அந்தக் கம்பெனியே திரும்பப் பெற்ற கதையையும் படித்தேன். சரி, கணினியிலேயே இருக்கும் மென்பொருள் போதும் என்று கேமியோ வாங்கினேன். இதிலும் ஒன்று உண்டு. இலவசப் பதிப்பில் எஸ்விஜி என்னும் வகைப் படக் கோப்பு திறக்காது. பிஎன்ஜி, டிஎக்ஸ்எஃப் திறக்கும். எஸ்விஜி வேண்டுமென்றால் ஒரு தடவை பணம் கட்டி அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும். நான் இன்னும் கட்டவில்லை, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரையும் மென்பொருளில் வரைந்து டிஎக்ஸ்எஃப் ஆக்கிக்கொள்கிறேன்.

வந்ததும் முதலில் வெட்டியது 'திருக்கல்யாணம்'. வேண்டாத வினைலை உரித்தேன். க், ல், ம் மூன்றின் புள்ளிகளும் அதோடு சேர்ந்து போய்விட்டன! 'திருககலயாணம' என்று நிற்கிறது. மெஷின் விற்கிறவர்கள் காட்டும் மாதிரி எல்லாம் ஆங்கில எழுத்து, புள்ளி என்றால் ஐயிலும் ஜேயிலும் மட்டும்தான். நமக்கு வரிக்கு ஐந்தாறு இருக்கிறதே. இப்போது எழுத்தை வடிவமாக மாற்றியபின் புள்ளியை மட்டும் தனியாகப் பிடித்து மூன்று மில்லிமீட்டராவது இருக்கும்படி பெருக்குகிறேன், வேகத்தைக் குறைக்கிறேன், உரிக்கும்போது வினைலை மேலே தூக்காமல் தாளோடு தாளாக மடக்கி இழுக்கிறேன். புள்ளி நிற்கிறது.

* * *

சகோதரி, அந்தக் கடைக்காரர் மாதிரி ஒருவரிடமிருந்துதான் நான் 24 அங்குலச் சீன பிளாட்டரை (ஸ்டிக்கர் கடைகளில் இருக்கும் பெரிய கட்டிங் மெஷின்) செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உங்கள் இரண்டு கேள்வியோடு மூன்றாவது ஒன்றையும் சேருங்கள்: பிளேடு உள்ளூரில் கிடைக்குமா? என்னுடையதில் ரோலண்ட் வகை பிளேடு. ஸ்டிக்கர் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. சாதா வினைலுக்கு 45 டிகிரி, தடித்த ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கு 60 டிகிரி. இரண்டு அடி அகல ரோலை அப்படியே மாட்டலாம். கம்பெனி பெயர் போட்ட குட்டி ரோல்களை வாங்கிக் கட்டுப்படியாகாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு தானாகச் சரிசெய்துகொள்ளாது, கையால் திருக வேண்டும். முதல் வாரம் பிளேடை அதிகமாக நீட்டிவிட்டேன். வினைலோடு அடித்தாளும் அறுந்து, பிளேடுக்கு அடியில் மெஷினில் இருக்கும் வெள்ளைப் பட்டையிலும் கோடு விழுந்தது. ஏடிஎம் கார்டின் கனத்தில் பாதி அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும் என்று பிறகு ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். எதை வெட்டும் முன்னும் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் வெட்டிப் பாருங்கள். முக்கோணம் சுத்தமாக உரிந்து, அடித்தாளில் நகத்தால் தடவினால் லேசான கீறல் மட்டும் தட்டுப்பட்டால் அளவு சரி.

அப்புறம் சத்தம். ஹாலில் வைத்திருக்கிறேன். சீரியல் நேரத்தில் ஓட்டக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

* * *

பெரிய மெஷினா என்று மலைத்துப் போகிறவர்களுக்காக இது. என்னிடம் இருப்பது கிரிக்கட் ஜாய். வெட்டும் அகலம் நாலரை அங்குலம்தான். மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாவுக்கும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்கும் அது தாராளம். முன்பெல்லாம் பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த ஆசை எனக்கு இதில் தீர்ந்தது.

நான் மாட்டிக்கொண்டது சட்டையில். பள்ளி விளையாட்டு விழாவுக்கு எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் பெயர் ஒட்டித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். துணியில் ஒட்டும் வினைலில் பளபளப்பான பக்கம் கீழே இருக்க வேண்டும், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்ட வேண்டும். முதலாவது செய்தேன், இரண்டாவதை மறந்தேன். பன்னிரண்டையும் வெட்டி, உரித்து, முதல் சட்டையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மணி இரவு பதினொன்று. மறுபடி உட்கார்ந்தேன்.

அயர்ன் பாக்ஸே போதுமானதாக இருந்தது. நீராவி கூடாது. தேய்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் வினைலுக்கு 150 டிகிரி, பத்துப் பதினைந்து நொடி.

* * *

என் மகன், "லேசர் வாங்கிவிடலாமே, எல்லாம் வெட்டும்" என்றான். ஸ்டிக்கர் வினைல் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். வினைலுக்குக் கத்திதான்.

* * *

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது. அதனால் பிரதர் ஸ்கேன்என்கட் வாங்கினேன். மெஷினுக்குள்ளேயே ஸ்கேனர் உண்டு. தாளில் வரைந்ததை மேட்டில் ஒட்டி உள்ளே அனுப்பினால் திரையில் படம் வந்துவிடும், அங்கேயே அளவை மாற்றி வெட்டலாம்.

என் அம்மா போட்ட சிக்குக் கோலங்கள் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன. பென்சிலில் போட்டவை. ஒன்றை அப்படியே ஸ்கேன் செய்தேன். பென்சில் கோடு மெலிசு, நூல்போல வெட்டி, உரிக்கும்போது அத்தனையும் அறுந்தது. பிறகு மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, தடித்த கறுப்பு மார்க்கரால் கோட்டின் மேலேயே போனேன். எடுத்த இடத்திலேயே வந்து முடியும் ஒற்றைக் கோடு. எங்கே வளைந்து எங்கே ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தபோது புரியாதது, கை போனபோது புரிந்தது. அந்த மார்க்கர் படத்தைத்தான் மெஷின் வெட்டியது. கோடு ஒரே துண்டாக வந்துவிட்டது. உள்ளே இருக்கும் புள்ளிகள்தான் தனித்தனி. டிரான்ஸ்ஃபர் டேப்பை (வெட்டியதை அப்படியே தூக்கி வேறிடத்தில் ஒட்ட உதவும் டேப்) மேலே ஒட்டித் தூக்கியபோது எல்லாம் இடம் மாறாமல் வந்தன. கோலத்துக்கு இதைவிட நல்ல மெஷின் இல்லை என்பது என் கட்சி. ஆனால் தமிழ் எழுத்து வெட்ட வேண்டுமென்றால் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. அது சுற்றுவழி, ஒப்புக்கொள்கிறேன்.

* * *

தொடங்கியவள் மீண்டும். மேட்டில் ஒட்டும் தன்மை போய்விட்டது என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: மிதமான சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். சில தடவை மீண்டுவரும். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். நடுவில் நின்றால், விட்ட இடத்திலிருந்து கச்சிதமாகத் தொடராது, அந்த ஷீட் போனதுதான்.

வாசல் கோலமும் வெட்டி ஒட்டிவிட்டேன். கிரானைட் படியில் பிடித்துக்கொண்டது, வெளியே சிமெண்ட் தரையில் மறுநாளே ஓரம் தூக்கிவிட்டது. ஆசிரியர் ஐயா, நீங்கள் போட்ட மார்க்கர் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியுமா? என் மாமியாரிடமும் ஒரு கோல நோட்டு இருக்கிறது, அதுவும் பென்சில்தான்.