வெளிநாட்டு வீரருக்குப் பரிசுப் பணம்: கொடுக்கும்போதே பிடிக்கும் வரி (டிடிஎஸ்) 31.2 சதவீதமா, 20.8 சதவீதமா? – 2026 ஏப்ரலுக்கு முந்தைய சட்டப்படி

கோவை_பொருளாளர்:
வணக்கம். எங்கள் மாவட்டத்தில் நடந்த ஓப்பன் ரேட்டிங் செஸ் போட்டிக்கு நான்தான் பொருளாளர். முதல் பரிசு 2 லட்சம், உஸ்பெகிஸ்தான் வீரர் ஒருவர் ஜெயித்தார். மேடையில் ஆளுயர டம்மி செக் கொடுத்து போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. பிறகு கணக்கு மேஜைக்கு வந்தவரிடம் 1,37,600 என்று எழுதிய சீட்டைக் காட்டினோம். வருமான வரிச் சட்டம் 194பி பிரிவில் 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரி, ஆக 62,400 பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லியிருந்தார். அந்த வீரர் எதுவும் பேசவில்லை. போனில் டம்மி செக் போட்டோவைப் பெரிதாக்கி, 2,00,000 என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே நின்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த மாதம் 23ஆம் தேதி போட்டி முடிந்தது. பணம் இன்னும் அவர் கணக்குக்குப் போகவில்லை, வரியும் கட்டவில்லை. அவரிடம் பான் கிடையாது. 20 சதவீதம்தான் என்கிறார் ஒரு நண்பர். எது சரி?

கறுப்புக்குதிரை:
சார், இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதே? அவர் ஊர் வரி அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் ஒரு பைசாவும் பிடிக்க வேண்டாம். என் தம்பி ஐடி வேலையில் அப்படித்தான் செய்கிறான்.

சலான்_சண்முகம்:
கறுப்புக்குதிரை தம்பி, ஐடி வேலை வேறு, இது வேறு. விளையாட்டு வீரர் வருமானத்துக்கு, ஆட்டம் நடந்த நாடே வரி போடலாம் என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தனிப் பிரிவே இருக்கும். அது போக, 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்காக வெளிநாட்டு வாரியங்களுக்குக் கொடுத்த பணம் பற்றிய பில்காம் வழக்கில், ஒப்பந்தத்தைக் காட்டி 194இ பிரிவின்படியான பிடித்தத்திலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. சலுகை இருந்தால் வாங்குபவர் பிறகு ரிட்டர்ன் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். கொடுப்பவர் பிடித்தே ஆக வேண்டும்.

பொருளாளர் சார், உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. 194பி லாட்டரி, சீட்டாட்டம், குறுக்கெழுத்து வகையறாவுக்கு. இந்தியக் குடிமகன் அல்லாத, இங்கே வசிக்காத விளையாட்டு வீரருக்கு 194இ. விகிதம் 20 சதவீதம் (2012க்கு முன் 10 ஆக இருந்தது). அதன் மேல் 4 சதவீத செஸ். ஆமாம், செஸ்ஸுக்கும் செஸ் உண்டு! மொத்தம் 20.8. உங்கள் கணக்கில் வரி 41,600, அவர் கைக்கு 1,58,400.

கோவை_பொருளாளர்:
நன்றி சார். ஆனால் ‘எந்த வகை ஆட்டமும்’ என்று 194பி-யிலேயே இருக்கிறது, செஸ்ஸும் ஆட்டம்தானே என்று ஆடிட்டர் பிடிவாதமாக இருக்கிறார்.

சலான்_சண்முகம்:
செஸ் வீரர் மானுவல் ஆரனுக்கு அர்ஜுனா விருது எதற்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கேல் ரத்னா முதன்முதலில் வாங்கியவரே விஸ்வநாதன் ஆனந்த். விளையாட்டு என்று அரசே விருது கொடுத்துவிட்டு, வரி போடும்போது மட்டும் சூதாட்டக் கணக்கில் சேர்க்க முடியுமா? ஆடிட்டரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

பான் இல்லாததற்குப் பயப்பட வேண்டாம். பான் இல்லாவிட்டால் குறைந்தது 20 என்பதுதான் விதி, நீங்கள் ஏற்கெனவே அதற்கு மேல் பிடிக்கிறீர்கள். கழகத்துக்கு டான் எண் (வரி பிடிப்பவர்களுக்கான எண்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு, காலாண்டுக் கணக்கை 27க்யூ படிவத்தில் போடுங்கள். 26க்யூ இல்லை, அது உள்ளூர்க்காரர்களுக்கு. நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 15சிஏ படிவத்தின் பகுதி ஏ போதும். வருடத்துக்கு 5 லட்சத்தைத் தாண்டினால்தான் ஆடிட்டர் சான்று.

நல்ல வேளை, 62,400-ஐக் கட்டவில்லை. கட்டியிருந்தால் மிச்சம் 20,800-க்காக அந்த ஆள் பான் வாங்கி, ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். சரியாகப் பிடித்துவிட்டால், இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவர் ரிட்டர்னே போட வேண்டாம்.

பெரம்பூர்_ஆர்பிட்டர்:
நடுவில் ஒரு சந்தேகம். வெளிநாட்டிலிருந்து வரும் நடுவர்களுக்கும் 194இ-தானா?

சலான்_சண்முகம்:
இல்லை சார். கிரிக்கெட் அம்பயர்கள் விஷயத்தில், அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்ல என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. நடுவர்களுக்கு வேறு பிரிவு, தனியாகக் கேளுங்கள்.

கோவை_பொருளாளர்:
கடைசியாக ஒன்று. பாவமாக இருக்கிறது, முழு 2 லட்சத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டு வரியைக் கழகமே கட்டினால்?

சலான்_சண்முகம்:
கட்டலாம், ஆனால் 41,600-ஓடு முடியாது. கையில் 2 லட்சம் நிற்க வேண்டுமென்றால் பரிசே 2,52,525 என்று கணக்கு வைத்து, 52,525 கட்ட வேண்டும். கமிட்டியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்த வருடம் போட்டி அறிவிப்பிலேயே ‘வெளிநாட்டு வீரர்களின் பரிசில் 20.8% வரி பிடிக்கப்படும்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அச்சடிக்கும் முன் விகிதத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் எல்லாம் மாறும்.

கோவை_பொருளாளர்:
கமிட்டி கையை விரித்துவிட்டது. ஆடிட்டர் இரண்டு நாள் யோசித்து 194இ-க்கு ஒத்துக்கொண்டார். 41,600 கட்டியாயிற்று, நேற்று 1,58,400 அனுப்பிவிட்டோம். வரிச் சான்றிதழ் 16ஏ வந்ததும் அனுப்பச் சொல்லியிருக்கிறார், அவர் ஊரில் காட்டுவதற்காம். டம்மி செக் மட்டும் விமானத்தில் ஏற்ற முடியாமல் லாட்ஜ் வரவேற்பறையிலேயே நிற்கிறது. எடுத்துப்போகச் சொல்லி மேனேஜர் எனக்குத்தான் போன் போடுகிறார்.