மனசை இந்த நேரத்துல நிறுத்துறது எப்படி?

நாஞ்சில்வாசி: சொத்தவிளை கடற்கரைல உட்கார்ந்தாலும் மனசு நாளைக்கு உள்ள வேலையிலதான் நிக்குது. தியானம்னு கண்ணை மூடினா இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

குழித்துறைக்காரன்: கண்ணை மூடாதீங்க. ஈர மணல்ல செருப்பில்லாம 20 அடி தூரம் மெதுவா நடந்து திரும்புங்க. குதிகால் பதியுது, பாதம் அழுந்துது, விரல் தூக்குது, இது மட்டும்தான் கவனம். மனசு ஓடினது தெரிஞ்சதும் அடுத்த காலடிக்கு வாங்க. அப்படித் திரும்புறதுதான் பயிற்சியே, எண்ணமே வராம இருக்கிறது இல்ல. 10 நிமிஷம் போதும். தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம், அலை இழுக்கும்.

தக்கலையான்: 2010-ல ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் 2,250 பேர்கிட்ட ஃபோன் ஆப் வழியா விசாரிச்சாங்க. 46.9 சதவீத நேரம் மனசு வேற எங்கேயோ. அப்ப சந்தோஷமும் குறைவு. இனிமையானதை நினைச்சப்பகூட, செய்ற வேலையில மனசு இருந்ததைவிட சந்தோஷம் கூடல. "நல்லதையே நினை"ங்கிற உபதேசம் இங்க பெருசா உதவாது.

குழித்துறைக்காரன்: மழைன்னா ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) போதும். முதல் 3 மடக்குக்கு சூடு, துவர்ப்பு, தொண்டைல இறங்குறதைக் கவனிங்க. நாலாவதுல மனசு ஓடிரும், பரவாயில்ல. ஃபோன் வேற அறையில இருக்கட்டும், சைலண்ட்ல வச்சா பத்தாது.