பொருள்: மறுமொழி: ‘கணு நீக்கம்’ சரியா?

> தொடர் இணைப்பிலிருந்து ஒரு கருவியை எடுப்பது ‘கணு நீக்கம்’, வேறொன்றை வைப்பது ‘கணு மாற்றம்’.

நண்பர்களே, ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்த கருவிகளைக் (ஒவ்வொன்றும் ஒரு ‘கணு’, node) கழற்றுவதற்கும் மாற்றுவதற்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். மேலே உள்ள யோசனையில் ‘நீக்கம்’தான் இடிக்கிறது. அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது.

போன குறுவை அறுவடையில் மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போயிருந்தேன். நெல் உலர்த்தியில் வெப்பநிலை பார்க்கும் பெட்டிகள் 11, ஆர்.எஸ்.485 (கருவிகள் தகவல் அனுப்பிக்கொள்ளும் ஒரு முறை) இரட்டைக் கம்பியில் வரிசையாக. ஒரு கம்பி ஏ, மற்றது பி. ஏழாவது பழுது. மின்பணியாளர் அதைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். எட்டு முதல் பதினொன்று வரை திரையில் வெறும் கோடு. வருகிற கம்பியும் போகிற கம்பியும் அந்தப் பெட்டியின் திருகில்தான் கூடியிருந்தன. ஏ-யோடு ஏ, பி-யோடு பி சேர்த்து முறுக்கியதும் நான்கும் பேசின. ஆனாலும் திரை நத்தை மாதிரிதான். தலைமைக் கருவி, இல்லாத ஏழாம் எண்ணைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறது, மறுபடி கூப்பிடுகிறது. இறந்தவர் பெயர் ரேஷன் கார்டில் கிடப்பது போல. பட்டியலில் அந்த எண்ணை எடுத்த பிறகுதான் வேகம் வந்தது.

ஆகவே கையால் செய்வது கழற்றல், பட்டியலில் செய்வது விலக்கல்.

மாற்றுவதற்கு ஒரு வயல் சொல். நட்ட நாற்று செத்த இடத்தில் வேறு நாற்று ஊன்றுவதைப் பாடுவாசி நிரப்புதல் என்கிறோம். இங்கேயும் பழைய இடம், பழைய முகவரி எண், தகவல் அனுப்பும் பழைய வேகம். இந்தப் பெட்டிகள் பேசும் மோட்பஸ் நெறிமுறையில் முகவரி 1 முதல் 247 வரை. புதுப் பெட்டி பெரும்பாலும் 1 என்றே வரும். அப்படியே மாட்டினால் ஏற்கெனவே உள்ள ஒன்றாம் பெட்டியும் அதுவும் சேர்ந்து பதில் சொல்லும், இரண்டுமே விளங்காது. ‘பாடுவாசி மாற்று’ எப்படி?

இணைப்பை நிறுத்தாமலே கருவியை மாற்றுவதற்கு (hot swap) ‘சூடான மாற்றம்’ மட்டும் வேண்டாம், சோறு மாதிரி இருக்கிறது. ‘ஓடும்போதே மாற்றல்’ போதும்.

அப்புறம் கடைசிப் பெட்டி. இரு முனையிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். அது பெட்டிக்குள்ளேயே இருந்தால், கழற்றும்போது கூடவே போய்விடும். நீண்ட கம்பியில் சைகை முனையில் மோதித் திரும்பும், மூடிய மதகில் முட்டிய தண்ணீர் போல. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி நடுவே அளந்தால், இரண்டு 120-ம் பக்க இணைப்பில் இருப்பதால், சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை போய்விட்டது. கடைசி முனையில் உள்ள மின்தடைக்கு ‘கடைமடைத் தடை’ என்கிறேன்.

---

> பாடுவாசி கோவையில் யாருக்குப் புரியும்? ‘ஈடு’ என்று வையுங்களேன். கடைமடையிலும் குழப்பம்: அது தண்ணீர் வந்து சேராத இடம் அல்லவா?

ஈடு என்றால் எங்கள் ஊரில் நகை அடகுதான் முதலில் நினைவுக்கு வரும். பாடுவாசி வேண்டாமென்றால் ‘இடநிரப்பு’ ஆகட்டும், எனக்குச் சம்மதம். கடைமடையை விடமாட்டேன். தண்ணீர் வராவிட்டாலும் வாய்க்காலின் கடைசி அதுதானே. தலைமாட்டில் இருக்கும் தடைக்கு ‘தலைமடைத் தடை’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.