ஏஐ-ல திருத்துனா என் எழுத்து என்னோடதா தெரியல, என்ன பண்றது?

சந்தூர் நர்சரி:

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி பக்கம் சந்தூர்ல மாங்கன்னு நர்சரி வச்சிருக்கோம், அப்பா காலத்துல இருந்து. எங்ககிட்ட கன்னு வாங்கிட்டு போனவங்கள எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேத்து வாரத்துக்கு ஒண்ணு எழுதி போடுவேன், எப்ப தண்ணி விடணும், பூ வர்றப்ப தத்துப்பூச்சி வந்தா என்ன பாக்கணும், பெங்களூரா ரகம் வைக்கலாமா செந்தூரா ரகம் வைக்கலாமா, இப்படி. எனக்கு ல, ள, ழ எப்பவும் மாறிடும், ஒற்று எங்க போடணும்னு தெரியாது, அதனால போன வருஷம் ஏஐ-ல போட்டு திருத்தி போட ஆரம்பிச்சேன். பாக்க ரொம்ப சுத்தமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

ஆனா கொஞ்ச நாள்ல போன் வர்றது கொறஞ்சிடுச்சு. முன்னாடி ஒண்ணு எழுதுனா நாலு பேராவது கூப்புட்டு சந்தேகம் கேப்பாங்க. போன மாசம் காரிமங்கலத்துல இருந்து வந்த ஒரு அண்ணன் "இப்பல்லாம் நீ எழுதறதில்லையாப்பா, ஆள் வச்சிட்டியா"ன்னு நேராவே கேட்டுட்டாரு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

நான் எழுதுனது இது:

"கன்னு நட்டு மூணு மாசம் ஆச்சுன்னா கொல்லைக்கு போயி ஒட்டு கட்டுன எடத்த ஒரு தடவ பாருங்க. பிளாஸ்டிக் இன்னும் சுத்தியிருந்தா பிளேடால கீறி எடுத்துடுங்க, இல்லாட்டி கழுத்த நெரிக்கும். ஒட்டுக்கு கீழ துளிர் வந்தா பாக்க பச்சப்பசேல்னு நல்லாத்தான் இருக்கும், பாவம்னு விட்ராதீங்க, கிள்ளிடுங்க, அது அடியில இருக்கற கொட்டக்கன்னோட துளிர், மேல ஒட்டுன ரகத்தோடது இல்ல."

அது குடுத்தது:

"மாமரம் என்பது வெறும் மரம் மட்டுமல்ல, அது நம் பாரம்பரியத்தின் அடையாளம். உங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றின் ஒட்டுப் பகுதியை முறையாகப் பராமரிப்பது ஆரோக்கியமான வளர்ச்சியில் முக்கியப் பங்கு வகிக்கிறது."

பிளேடும் இல்ல, கழுத்தும் இல்ல, கிள்ளறதும் இல்ல. நாலு ஏக்கரு கொல்லைய வீட்டுக்கு பின்னாடி கொண்டாந்து வச்சிடுச்சு. பிழை போகணும், ஆனா என் பேச்சு போகக்கூடாது, இதுக்கு வழி இருக்கா?

ஓசூர்க்காரன்:

நான் ஓசூர்ல சாஃப்ட்வேர் வேலைல இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். இந்த ஏஐ மாடல்லாம் அடுத்து எந்த துண்டு வார்த்தை வர வாய்ப்பு ஜாஸ்தின்னு பாத்து பாத்துதான் எழுதுது, அது படிச்ச எழுத்துல இங்கிலீஷ்தான் பெரும்பங்கு, தமிழ் கொஞ்சம், அந்த கொஞ்சத்துலயும் செய்தி, கட்டுரை மாதிரி எழுத்து நடைதான் அதிகம். நம்ம பக்கம் கொல்லைன்னா மானாவாரி நெலம்னு அதுக்கு எங்க தெரியப்போவுது, அது அதிகமா பாத்தது கொல்லைப்புறம்தான். அது போக, மாடல பழக்கறப்ப மனுஷங்க மார்க் போட்டு எந்த பதில் நல்லாருக்குன்னு சொல்லி சொல்லி திருப்புவாங்க, அதுல எல்லாருக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரு வழவழப்பான நடை வந்து ஒட்டிக்கும்.

நீங்க "திருத்திக் குடு"ன்னு கேட்டா அது முழுசா புதுசா எழுதிடும். அப்படி கேக்காதீங்க. "வாக்கியத்த தொடாத, எழுத்துப்பிழை இருக்கற வார்த்தைய மட்டும் தனியா சொல்லு, இது பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழா மாத்தாத"ன்னு கேளுங்க, அப்புறம் நீங்களே கையால திருத்துங்க. கொல்லை, கழனி மாதிரி வார்த்தைங்கள மொதல்லயே குடுத்து இதெல்லாம் பிழை இல்லன்னு சொல்லிடுங்க. உங்க பழைய பதிவு நாலஞ்சு மாதிரிக்கு குடுத்தா இன்னும் நல்லா வரும். ஆனா "தர்மபுரி கிருஷ்ணகிரி வழக்குல எழுது"ன்னு மட்டும் கேட்றாதீங்க, நான் கேட்டு பாத்தேன், பாதி மதுர பாதி கோயமுத்தூரா வந்துச்சு.

அரூர் டீச்சர்:

பழைய பதிவ மாதிரிக்கு குடுக்கறதுல எனக்கு சம்மதம் இல்லங்க. கொஞ்ச நாள்ல அது உங்கள மாதிரியே எழுதும், நீங்க எழுதறத விட்ருவீங்க. உங்க பதிவுல உயிரா இருக்கறது பேச்சு நடை மட்டும் இல்ல, அந்த வாரம் கன்னுகிட்ட போயி நீங்க பாத்தது. அத அது எங்க போயி பாக்கும்?

எங்கிட்ட படிக்கற ஒம்பதாவது பசங்கள உங்க ஊரு சந்தைய பத்தி எழுதிட்டு வாங்கன்னு சொன்னேன், நெறய நோட்டுல "இயற்கை எழில் கொஞ்சும்"னு ஆரம்பிச்சிருந்துச்சு. ஏஐ மேல மட்டும் பழி போட முடியாது, அது வர்றதுக்கு முன்னாடியே நாங்கதான் கட்டுரைன்னா இப்படித்தான்னு பழக்கி வச்சோம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அதுவும் அந்த மாதிரி எழுத்த படிச்சிட்டுத்தானே வந்துச்சு. அதனால இப்ப க்ளாஸ்ல மொதல்ல வாயால சொல்ல சொல்றேன். ஒரு பொண்ணு தக்காளி வெல விழுந்த அன்னிக்கு அவங்கப்பா கூடைய எறக்காம வண்டியிலயே வச்சி திருப்பிட்டு வந்தத சொன்னா, க்ளாஸே அமைதியாயிடுச்சு. அத அப்படியே எழுதும்மான்னேன், "இதெல்லாம் எழுதலாமா டீச்சர்"னு கேட்டா.

நீங்களும் போன்ல வாய்ஸ் டைப்பிங் போட்டு, எதிர்ல அந்த காரிமங்கலத்து அண்ணன் நிக்கறாருன்னு நெனச்சி பேசுங்க. எழுதி முடிச்சதும் ஒரு தடவ சத்தமா படிங்க, வாய்ல வராத வார்த்தை உங்களோடது இல்ல.

பென்னாகரம் அக்கா:

நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எல்லாரும் ஏஐ வேணாம்னு ஆயிடப்போறீங்கன்னுதான் எழுதறேன். எங்கம்மாவுக்கு முதியோர் பென்ஷன் கேட்டு மனு எழுதணும், முன்னாடின்னா யாராச்சும் எழுதித் தருவாங்களான்னு காத்துக்கெடக்கணும். இந்த தடவ போன்லயே பேசுனேன், பெறுநர் பொருள்னு எல்லாம் வரிசையா போட்டு குடுத்துடுச்சு, எனக்கு அது பெரிய வெசயம் தம்பி.

ஆனா படிச்சு காட்டுனப்ப எங்கம்மா மொகம் மாறிடுச்சு. "கடும் வறுமையில் வாடும் ஆதரவற்ற நான்"னு இருந்துச்சு. நான் அப்படி சொல்லவே இல்ல, வயசாயிடுச்சு, கூலிக்கு போக முடியல, மக வீட்ல இருக்காங்கன்னுதான் சொன்னேன். "நான் ஆதரவத்தவளாடி, நீ இல்லையா எனக்கு"ன்னு கேட்டாங்க. அந்த வரிய எடுத்துட்டு நான் சொன்னதயே போட்டு பொண்ண விட்டு கையால எழுத வச்சி குடுத்தோம். மனுவுல நம்ம பேச்சு இல்லாட்டி பரவால்ல, நாம சொல்லாதது அதுல இருக்கக்கூடாது.

சந்தூர் நர்சரி:

அக்கா, நீங்க சொன்னது நெஞ்சுல நின்னுடுச்சு. நான் இத்தன நாளா எது போச்சுன்னு மட்டும்தான் பாத்துட்டிருந்தேன், என்ன சேத்துச்சுன்னு பாக்கவே இல்ல. பழசெல்லாம் எடுத்து படிச்சேன், ஒண்ணுல "எந்த மண்ணிலும் சிறப்பாக வளரும்"னு இருக்கு. தண்ணி தேங்கற மண்ணுல மாங்கன்னு நிக்காதுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்ற ஆளு நான், அது என் பேர்ல போயிருக்கு. இன்னிக்கு காலைல குரூப்ல அத தப்புன்னு எழுதிட்டேன்.

இந்த வார பதிவு கன்னுக்கு பக்கத்துல நின்னு வாய்ஸ்ல பேசி எடுத்தேன் டீச்சர். ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி பிழைய மட்டும் கேட்டேன், பதினொண்ணு காட்டுச்சு, ஒம்பது நெசமாவே பிழை, ரெண்டு நம்ம ஊரு வார்த்தை, அத தொடல. பழைய பதிவ குடுக்கறத இப்போதைக்கு தள்ளி வச்சிருக்கேன். ஒட்டு பதிவயும் மொதல்ல எழுதுன மாதிரியே திரும்ப போட்டேன், பிளேடு, கழுத்து எல்லாத்தோடயும்.

அரை மணி நேரத்துல காரிமங்கலத்து அண்ணன் போட்டோ அனுப்பிட்டாரு. நட்டு அஞ்சு மாசம் ஆவுது, பிளாஸ்டிக் அப்படியே இருக்கு, தண்டுல பள்ளம் விழுந்திருக்கு. சாயங்காலம் அவரு கொல்லைக்கு போறேன்.