பிளாகர் + சொந்த டொமைன்: சிநேம் போட்டும் ஏற்க மாட்டேங்குது, அவசரம்

தேன்சிட்டு
என் பிளாகர் பதிவுக்குச் சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கியாச்சு, பிளாகர் கேட்ட சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டுற ரெக்கார்டு) ரெண்டும் போட்டாச்சு. பிளாகர்ல சேவ் கொடுத்தா 'டொமைன் மேல் உங்களுக்குள்ள உரிமையைச் சரிபார்க்க முடியவில்லை'ன்னு சிவப்புல வருது. நேத்துலேர்ந்து இதே. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கொள்ளிடம்
நேம்சர்வர் (டொமைன் ரெக்கார்டுகளை வெச்சிருக்கிற கணினி) யாரோடது? டொமைனை வித்த பதிவாளர்கிட்டயே இருக்கா, வேற எங்கயாவது மாத்தினீங்களா? பிளாகர் பெட்டியில மூணு டபிள்யூவோட கொடுத்தீங்களா, வெறும் பெயரா? சிநேம்ல 'ஹோஸ்ட்' கட்டத்துல என்ன எழுதினீங்க? எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்க.

பழையபதிவர்
48 மணி நேரம் ஆகும்ங்க. ஒண்ணையும் தொடாம விட்டுடுங்க, தானா வந்துடும்.

ஈரோட்டுமஞ்சள்
நடுவுல நிக்கிற கிளவுட்ஃபிளேர் சேவைதான் காரணம். அதுல ரெக்கார்டு பக்கத்துல இருக்கிற ஆரஞ்சு மேகக் குறியைச் சாம்பலாக்குங்க. ஆரஞ்சுல இருந்தா அது தன்னோட ஐபி எண்ணைத்தான் வெளிய காட்டும், கூகுளுக்கு சிநேமே தெரியாது.

கொள்ளிடம்
கிளவுட்ஃபிளேர்னு அவங்க சொல்லவே இல்லையே? பழையபதிவர், 48 மணி கணக்கு நேம்சர்வர் மாத்தினாதான். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கிற பதிவகம் நேம்சர்வர் விவரத்துக்கு வைக்கிற ஆயுள் 1,72,800 நொடி, அதாவது 48 மணி. புதுசா சேர்த்த சிநேம் சில நிமிஷத்துல தெரியணும். சேர்க்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பெயரைத் தேடியிருந்தா 'இல்லை'ங்கிற பதிலும் கொஞ்ச நேரம் கேஷ்ல (தற்காலிக நினைவுல) நிக்கும், அவ்வளவுதான். தப்பா போட்டிருந்தா 48 வாரம் காத்திருந்தாலும் வராது.

நெட்வொர்க்மாமா
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வி. பெயரை ஐபியா மாத்தித் தர்ற டிஎன்எஸ்னா என்னன்னு அரை மணி நேரம் படிச்சுட்டு டொமைன் வாங்கக் கூடாதா? தேடல் பெட்டின்னு ஒண்ணு மேல இருக்கு.

தேன்சிட்டு
ஸாரி, மொபைல்ல இருக்கேன். நேம்சர்வர் மாத்தலை. பிளாகர்ல மூணு டபிள்யூவோடதான் கொடுத்தேன். ஹோஸ்ட்ல முதல்ல மூணு டபிள்யூ மட்டும் போட்டேன், 'ஏற்கெனவே உள்ளது'ன்னு வந்துச்சு. அதனால டபிள்யூடபிள்யூடபிள்யூ.என்பெயர்.காம்னு முழுசா போட்டேன், எடுத்துக்கிச்சு. ரெண்டாவதையும் அப்படியே முழுசா.

கொள்ளிடம்
அங்கதான் சிக்கல். ஹோஸ்ட் கட்டத்துல எழுதுறதுக்குப் பின்னால டொமைன் பெயரை பதிவாளரோட பேனலே ஒட்டிடும். இப்ப உங்ககிட்ட இருக்கிறது டபிள்யூடபிள்யூடபிள்யூ.என்பெயர்.காம்.என்பெயர்.காம். கூகுள் தேடுற இடத்துல ஒண்ணுமில்ல.

'ஏற்கெனவே உள்ளது'ன்னு சொன்னது, பதிவாளர் விளம்பரப் பக்கத்துக்காகத் தானா போட்டு வைக்கிற ரெக்கார்டு. ஒரு பெயருக்கு சிநேம் இருந்தா அதே பெயருக்கு வேற எந்த ரெக்கார்டும் இருக்கக் கூடாது. அதனால முதல்ல அதை அழிங்க. நீங்க முழுப் பெயரா போட்ட ரெண்டையும் அழிங்க.

பிறகு சிநேம் 1: ஹோஸ்ட் மூணு டபிள்யூ மட்டும், இலக்கு ஜிஎச்எஸ்.கூகுள்.காம். சிநேம் 2: ஹோஸ்ட் பிளாகர் காட்டுற குட்டிக் குறியீடு மட்டும், இலக்கு ஜிவி-ன்னு தொடங்கி டிவி.கூகுள்ஹோஸ்டட்.காம்னு முடியும் நீளமான முகவரி. இது உங்க கணக்குக்கு மட்டுமே உரியது, யூட்யூப் வீடியோவுல இருக்கிறதைப் பார்த்து அடிக்காதீங்க.

மூணு டபிள்யூ இல்லாத வெறும் பெயருக்கு (பேனல்ல அதுக்குக் குறி @) இருக்கிற விளம்பரப் பக்க ஏ ரெக்கார்டை (பெயரை நேரா ஐபிக்குக் காட்டுறது) எடுத்துட்டு நாலு ஏ ரெக்கார்டு: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. சேவ் ஆனதும் பிளாகர்ல 'ரீடைரக்ட் டொமைன்' ஆன் பண்ணுங்க. இல்லேன்னா மூணு டபிள்யூ இல்லாம அடிக்கிறவங்களுக்கு 404 பிழைதான்.

சேவ் அழுத்துறதுக்கு முன்னாடி டிஎன்எஸ்.கூகுள் பக்கத்துல பெயரைப் போட்டு, வகை சிநேம்னு வெச்சுப் பாருங்க. மொபைல்லயே முடியும்.

பழையபதிவர்
இவ்வளவு பாடு எதுக்கு? பிளாகர் தர்ற பிளாக்ஸ்பாட் முகவரி இலவசம், சாகாது. சொந்த டொமைன் வாங்கி ரெண்டாம் வருஷம் புதுப்பிக்காம விட்ட தமிழ்ப் பதிவுகள்ல இப்ப சூதாட்ட விளம்பரம் ஓடுது.

ஈரோட்டுமஞ்சள்
சாகாதா? 2012-ல இந்திய வாசகர்களை எல்லாம் பிளாக்ஸ்பாட்.இன்-க்குத் திருப்பினாங்க, 2018-ல நிறுத்தினாங்க, 2020-ல அந்தப் பெயரே கூகுள் கையைவிட்டுப் போச்சு. நடுவுல அந்த முகவரியோட பகிர்ந்த இணைப்பெல்லாம் என்னாச்சு?

பழையபதிவர்
.இன்-ஐ .காம்னு மாத்தி அடிச்சா பதிவு இருக்கே. டொமைன் போனா? பிளாக்ஸ்பாட் முகவரியும் செத்த டொமைனுக்குத்தான் திருப்பிவிடும், செட்டிங்ஸ்ல போய் எடுத்துவிடுற வரைக்கும். எழுதினவரே போயிட்டா யார் எடுத்துவிடுறது?

நெட்வொர்க்மாமா
டாட் காம் ஒரே நாள்ல போயிடாது. காலாவதிக்கு அப்புறம் பதிவாளர் தர்ற சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோட மீட்க 30 நாள், கடைசியா அழிக்கக் காத்திருக்கிற 5 நாள். அதுக்கும் மேலதான் கண்டவன் எடுப்பான். தானியங்கிப் புதுப்பிப்பு போட்டு, காலாவதியாகாத அட்டையும் வெச்சிருந்தா இந்தப் பேச்சே தேவையில்ல. முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்த்து வாங்குறவங்களுக்குத்தான் ரெண்டாம் வருஷம் நெஞ்சு வலிக்குது.

தேன்சிட்டு
வந்துடுச்சு!!! அந்தப் பழைய ரெக்கார்டுதான். நன்றி கொள்ளிடம். ஆனா 'பாதுகாப்பற்றது'ன்னு காட்டுதே?

கொள்ளிடம்
செட்டிங்ஸ்ல எச்டிடிபிஎஸ் (பூட்டுக் குறியோட வர்ற பாதுகாப்பான இணைப்பு) கிடைக்கும் நிலையை ஆன் பண்ணுங்க. சான்றிதழ் வர ஒரு நாள்கூட ஆகலாம், இங்க மட்டும் பழையபதிவர் சொன்ன பொறுமை வேணும். வந்த பிறகு எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட். ஒரு நாள் தாண்டியும் 'நிலுவையில்' இருந்தா ஆஃப் பண்ணி மறுபடி ஆன். டிஎன்எஸ்ல சிஏஏ ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம்னு சொல்றது) ஏதாவது இருக்கான்னும் பாருங்க. இருந்தா லெட்ஸ் என்க்ரிப்ட், கூகுள் ரெண்டையும் அதுல அனுமதிக்கணும். இல்லேன்னா சேர்க்கத் தேவையில்ல. பூட்டு வந்தும் சில பதிவுகள்ல மட்டும் எச்சரிக்கை வந்தா அது டொமைன் கோளாறு இல்ல, பதிவுக்குள்ள https-ல 's' இல்லாம http-ன்னு தொடங்குற பழைய பட இணைப்பு இருக்கும். டெம்ப்ளேட்லயும் தேடுங்க.

சிஏஏ இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க.