மழை பெய்தால் குளியலறையில் சாக்கடை பொங்குகிறது. கூடத்துத் தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

மலையடி வீடு (சத்துவாச்சாரி):

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி பழைய ஊருக்குள் இருக்கிறது எங்கள் வீடு. தாத்தா 1964ல் கட்டியது. முன்னால் திண்ணை, அப்புறம் கூடம், சின்ன முற்றம், சமையலறை, கடைசியில் கிணறு, குளியலறை, கழிவறை. பின்கட்டிலிருந்து தெருவுக்கு ஒரே ஒரு நாலு அங்குல மண் குழாய் போகிறது. முதலில் அதில் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும்தான் போயின. தெருவில் பாதாள சாக்கடை வந்ததும் செப்டிக் டேங்கை விட்டுவிட்டுக் கழிவறையையும் அதே குழாயில் சேர்த்துவிட்டோம்.

ஒரு மாதமாக வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது குளியலறை ஜல்லடையில் களக் களக் என்று சத்தம். தண்ணீர் நின்று நின்று இறங்குகிறது. போன வாரம் மலைப்பக்கம் நல்ல மழை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் குளியலறை முழுக்கக் கறுப்புத் தண்ணீர், சமையலறை வாசல்வரை வந்துவிட்டது. அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. அந்தத் தண்ணீரில் காலை வைத்துத்தான் அவர் கழிவறைக்குப் போகவேண்டி இருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் வந்த பிளம்பர் இரண்டு பாட்டில் ஆசிட் ஊற்றினார், இரண்டே நாள் தாங்கியது. அடுத்து வந்தவர், குழாய் கூடத்துக்குக் கீழே போகிறது, முழுக்க உடைத்து மாற்ற 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். கூடத்தில் இருப்பது ஆயா நின்று தேய்க்க வைத்த சிவப்புத் தரை. அறுபது வருஷத்தில் ஒரு விரிசல் கிடையாது. உடைத்தால் அப்படிப் போட இன்றைக்கு ஆள் கிடையாது.

அடைப்பு வீட்டுக்குள்ளா, தெருவிலா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பேஸ் 2 வாசகர்:

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால் ஒரு ஆளைத் தொட்டியில் இறக்கினால் 1,500 ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ஆற்காடு மேஸ்திரி:

31 வருஷம் சானிட்டரி வேலை செய்தவன். மேலே எழுதிய தம்பிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆளை இறக்குகிற பேச்சே வேண்டாம். சாக்கடைத் தொட்டியில் நிற்கிற வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், நாற்றத்தை வைத்து அளவு கண்டுபிடிக்கவும் முடியாது, மூக்கு சீக்கிரமே மரத்துப்போகும். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் அப்படி மயங்கி விழுந்தார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம். கயிறு இல்லாமல் இறங்கியவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 2013ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது. உயிருக்கு அதுவும் ஈடாகாது. எந்திரம் வைத்துச் செய்ய 14420க்குக் கூப்பிடலாம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன் அம்மா. உடைக்க அவசரப்படாதீர்கள். குழாய் ஓட்டத்தைத் திறந்து பார்க்க நடுநடுவே கட்டுகிற சின்னத் தொட்டிதான் சேம்பர். தெருவை ஒட்டி வீட்டுக்குள் கடைசியாக இருக்கிற சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிரம்பி நின்றால் அடைப்பு தெருப்பக்கம், மாநகராட்சியில் சொன்னால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கிற ஜெட் வண்டி வரும். அது காலியாக இருந்து உள்ளே மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு உங்கள் குழாயில். ஒவ்வொரு சேம்பராகப் பின்னால் பார்த்துக்கொண்டே போனால், நிறைந்த சேம்பருக்கும் காய்ந்த சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கும். இதற்குப் பத்து நிமிஷம் போதும். இதைப் பார்க்காமல் 85,000 என்று சொன்னவரை நான் நம்பமாட்டேன்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனி நோய். களக் களக் என்ற சத்தம் வெயில் நாளிலும் வருகிறதே, அது அடைப்பு. மழை ராத்திரியில் பொங்கியது வேறு.

முதல் நோய்க்கு ஒரு கேள்வி. பக்கத்தில் முருங்கை, வேம்பு, அரசு ஏதாவது இருக்கிறதா? மண் குழாய் ஒவ்வொன்றும் இரண்டு அடி நீளம். ஐம்பது அடி ஓட்டத்தில் இருபத்தைந்து இணைப்பு. சணலும் சிமென்டும் வைத்து அடைத்த அந்த இணைப்பில் மயிரளவு விரிசல் விட்டாலும் வேர் உள்ளே நுழைந்துவிடும், நுழைந்த பிறகு துடைப்பம் மாதிரி விரியும். ஆசிட் அந்த மண் குழாயை ஒன்றும் செய்யாது, ஆனால் இணைப்புச் சிமென்டை அரித்துவிடும். அதாவது வேருக்கு நாமே வாசல் திறந்து விடுகிறோம். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக் சோடா கொழுப்பைத்தான் கரைக்கும், வேரை அல்ல. அடுத்து கையை விடுகிறவன் தோலும் வெந்துபோகும்.

இரண்டாவது நோய்க்கு அளவு எடுங்கள். பழைய தெருக்களில் ரோட்டுக்கு மேலே ரோடு போட்டுத் தெரு உயர்ந்துவிடும், வீடு பள்ளமாகிவிடும். மேஸ்திரி வைத்திருக்கிற டியூப் மட்டத்தை (உயரம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வாங்கி, தெரு மேன்ஹோல் மூடிக்கும் உங்கள் குளியலறைத் தரைக்கும் வித்தியாசம் பாருங்கள். தரை கீழே இருந்தால், தெருக் குழாய் நிறைகிற அன்றைக்குத் தண்ணீர் மேன்ஹோல் வழியாக வராது, அதைவிடப் பள்ளமான உங்கள் ஜல்லடை வழியாகத்தான் வரும். கடைசி சேம்பரில் தண்ணீர் திரும்பாத வால்வு ஒன்று வைக்கவேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, அதனால் பெருமழையில் வாஷிங் மெஷின் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வால்வைக் கழுவவும் வேண்டும், தலைமுடியும் துணி நூலும் சிக்கினால் மூடாது.

முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடைக் குழாயில் விட்டிருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

காட்பாடி அக்கா:

தங்கச்சி, குழாய் வேலை அண்ணன் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் கிணறு பின்கட்டிலேயே இருக்கிறதே, குழாய் விரிசல் விட்டிருந்தால் கிணற்றில் கசிந்திருக்கும். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை இப்போதைக்கு எடுக்காதீர்கள். சம்ப் (தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி) இருந்து, கறுப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தால் முழுக்க இறைத்துத் தேய்த்துக் குளோரின் போட்ட பிறகுதான் நிரப்பவேண்டும்.

அம்மாவுக்கு கமோட் நாற்காலி ஒன்று மெடிக்கல் கடையில் வாங்கி அவர் அறையிலேயே வையுங்கள். என் மாமியாருக்கு நான் அதைத் தாமதமாகத்தான் வாங்கினேன், முதல் நாளே வாங்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீர் படவே கூடாது.

சமையலறைத் தொட்டியில் எண்ணெயும் மிஞ்சின சாம்பாரும் ஊற்றாதீர்கள். குழம்பு எண்ணெய் குழாயில் ஆறி மெழுகு மாதிரி ஒட்டும், வேர் இருந்தால் அதில் கோர்த்துக்கொள்ளும்.

மலையடி வீடு:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி தேடினோம். தெருப்பக்க சேம்பர் காய்ந்து கிடந்தது. பின்கட்டு சேம்பர் நிரம்பி நின்றது. நடுவில் சேம்பரே இல்லை என்று இரண்டு பிளம்பர்களும் சொன்னார்கள். அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "நடையில இருக்கிற துவைக்கிற கல்லுக்குக் கீழதான் ஒரு மூடி இருந்தது, நான் கல்யாணமாகி வந்தப்போ பார்த்திருக்கேன்" என்றார். நாலு பேர் சேர்ந்து கல்லை நகர்த்தினோம். சிமென்ட் பூசி மறைந்திருந்தது மூடி. குழாய் கூடத்துக்குக் கீழே போகவே இல்லை, நடை வழியாகத்தான் போகிறது.

குழாய்க்குள் சுழலும் கம்பியை விட்டு அடைப்பெடுக்கிற ஸ்பிரிங் மெஷின் விட்டதும் பக்கத்து வீட்டு முருங்கை வேர் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. மேஸ்திரி ஐயா சொன்ன துடைப்பம் என்ற வார்த்தை அப்படியே சரி. அந்த இடத்தில் பதினெட்டு அடி மண் குழாயை எடுத்துவிட்டு 110 மில்லிமீட்டர் பிவிசி போட்டோம், நாற்பது அடிக்கு ஒரு அடி சரிவு வைத்து. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னதும் அவரே வந்து பார்த்துவிட்டு, கிளையை வெட்டி வேறு மூலையில் நட்டுக்கொண்டு பழைய மரத்தை எடுத்துவிடுகிறேன் என்றார்.

டியூப் மட்டத்தில் எங்கள் குளியலறைத் தரை தெரு மூடியைவிட ஏழு அங்குலம் கீழே. வால்வு வைத்தாகிவிட்டது. முற்றத்துத் தண்ணீர் அதே சாக்கடையில்தான் விழுந்துகொண்டிருந்தது, பிரித்து மழைநீர்க் குழிக்கு விட்டோம். பழைய செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி மணல் கொட்டி மூடினோம், யாரும் இறங்கவில்லை. எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். கிணற்றை இறைத்துவிட்டோம், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை கேன் தண்ணீர்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் மழை. நான் டார்ச் எடுத்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜல்லடை காய்ந்தே இருந்தது. கமோட் நாற்காலியும் வாங்கிவிட்டேன் அக்கா.

நடைச் சுவரில் பெயின்டால் அம்புக்குறி போட்டு, மூன்று மூடியும் எத்தனை அடி தள்ளி இருக்கின்றன என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐயா, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கூடத்துக்கு முன்னால் தெருவரை இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி பழைய மண் குழாய் இருக்கிறது. அதையும் இப்போதே மாற்றிவிடலாமா, அல்லது ஒரு மழைக்காலம் பார்க்கலாமா?

ஆற்காடு மேஸ்திரி:

வேர் இல்லாத பக்கம்தானே. ஒரு மழைக்காலம் பாருங்கள். தை மாதம் மூடியைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் அடுத்த சேம்பரில் வருகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே வாளி, அதே அளவு. நேரம் கூடியிருந்தால் அப்போது மாற்றலாம்.